போனசுக்குக் காத்திருக்காது குடலிறக்கம்

வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருக்கும் சொந்தங்களுக்கும், இங்கே பிறந்து திருப்பூர், கோவை, வளைகுடா என்று பிழைக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் குழுவின் வணக்கம். குடலிறக்கம் உள்ள நம் குழந்தைகளை ஆபரேஷனுக்கு அனுப்ப ஒரு நிதி திரட்டுகிறோம், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஆனி மழையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். எட்டு மாதக் கைக்குழந்தை. பிறந்த இரண்டாம் மாதமே வலது தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. அழுதால் வரும், தூங்கினால் உள்ளே போய்விடும். "போனஸ் வரட்டும், காட்டிக்கலாம்" என்று தகப்பன் தள்ளிப்போட்டார். அவரைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாயில்லை. நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். ஒரு ராத்திரி அது உள்ளே போகவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது, பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தது. குட்டிக்கானம் இறக்கத்தில் மரம் விழுந்து ஜீப் இரண்டு மணி நேரம் நின்றது. குடல் பிழைத்தது. வலது விரை பிழைக்கவில்லை.

கருவில் இருக்கும்போது ஆண் பிள்ளையின் விரை வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்கும். இறங்கிய வழி பிறப்பையொட்டி மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் போனால் அது ஒரு பை போல நின்றுவிடும், குடல் அதில் நழுவி வருகிறது. இதுதான் குடலிறக்கம். நிறைமாதப் பிள்ளைகளில் நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்கு இது உண்டு. குறைமாதப் பிள்ளைகளுக்கு இன்னும் பல மடங்கு அதிகம். பெண் பிள்ளைகளுக்கும் வரும், அவர்களுக்குச் சினைப்பையே போய் மாட்டிக்கொள்ளலாம். மூட்டை தூக்குகிற பெரியவர்களுக்குத் தசை தளர்ந்து வருகிற குடலிறக்கம் வேறு, இது வேறு. அதனால்தான் பெரியவர்களுக்குத் தசையைத் தாங்க வைக்கிற வலையைப் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை, அந்தப் பையின் கழுத்தைக் கட்டினாலே போதும்.

நம் பாட்டிமார் "வளர வளரச் சரியாகும்" என்று சொல்வது தொப்புள் புடைப்புக்குப் பொருந்தும். அது பெரும்பாலும் நாலைந்து வயசுக்குள் தானாக மூடிவிடும். தொடையிடுக்கில் வருவது அப்படி மூடாது. நாணயம் வைத்துக் கட்டினாலும், அரைஞாண் கயிற்றை இறுக்கினாலும் போகாது. ஆபரேஷன்தான்.

துளை போட்டுச் செய்யும் முறையை லயத்தில் எல்லோரும் லேசர் என்கிறார்கள். லேசர் ஒன்றும் கிடையாது, ஊசியும் நூலும்தான். மயக்க மருந்து கொடுத்து, தொப்புளில் சிறு துளையிட்டு, 3 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராவை உள்ளே விடுகிறார்கள். தொடையிடுக்குத் தோல் வழியாக நூல் கோத்த ஊசி இறங்கி, திறந்த வழியின் வாயைச் சுற்றி வருகிறது. பிறகு சுருக்குப்பையை இழுப்பது போல இழுத்து முடிச்சு. போலந்து மருத்துவர் பட்கோவ்ஸ்கி 2006-இல் எழுதி வெளியிட்ட முறை இது. இதையொட்டி வேறு வகைகளும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் அன்றைக்கே வீடு திரும்பலாம். சின்னக் குறைமாதக் குழந்தை என்றால் ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பார்கள்.

தழும்பு சிறியது என்பதற்காக நாங்கள் இதைக் கேட்கவில்லை. ஆண் பிள்ளையின் தொடையிடுக்குத் தழும்பை யார் பார்க்கப்போகிறார்கள்? மற்றப் பக்கத்தையும் அதே கேமராவில் பார்த்துவிடலாம் என்பதுதான் நமக்குப் பெரிது. ஒரு பக்கம் செய்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்குப் பின்னால் மற்றப் பக்கமும் இறங்குகிறது. நகரத்துக்காரருக்கு அது இன்னொரு ஆட்டோ சவாரி. நமக்கு இன்னொரு மலை இறக்கம், இன்னொரு வாரக் கூலி. மற்றப் பக்கம் திறந்திருந்தாலும் மூடுவதா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், திறந்த வழியெல்லாம் குடலிறக்கம் ஆவதில்லை. கத்தி வைத்துச் செய்யும் பழைய ஆபரேஷனும் நல்லதுதான். அதுவே போதும் என்று மருத்துவர் சொன்னால் இந்த நிதி அதற்கும் உண்டு.

சரி, காசு எதற்கு? குழந்தைகளுக்கென்றே அறுவை மருத்துவர் இருக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரி என்றால் மேற்கே கோட்டயம், கிழக்கே மதுரை. ஆபரேஷன் செலவைக் கேரளத்தின் காருண்யா காப்பீடு போன்ற திட்டங்கள் பல வீடுகளுக்குத் தாங்கிவிடும். குமுளி செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கதை வேறு: தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு அந்த ஊர் ரேஷன் கார்டு கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஜீப் வாடகை, முன்னால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நடை, தாய்க்கும் தகப்பனுக்கும் போகிற கொழுந்துக் கூலி, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இதையெல்லாம் எந்தக் கார்டும் தராது. பிள்ளையைத் தள்ளிப்போட வைப்பது இந்தச் சில்லறைச் செலவுதான்.

எங்கள் முதல் பட்டியலில் ஆறு பிள்ளைகள், ஒருத்தி பெண். எல்லோரையும் அடுத்த மழைக்கு முன் அனுப்பிவிட வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். பூட்டிக்கிடக்கும் எஸ்டேட் லயங்களில் கேட்க மாட்டோம், அவர்களாகக் கொடுத்தால் மறுக்கவும் மாட்டோம். வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் கொஞ்சம் தாராளமாகப் பாருங்கள். ஜீப் ஓட்டும் தம்பிகள் காசுக்குப் பதில் ஒரு நடை தந்தாலும் அதை நன்கொடையாகவே எழுதுவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயம் லயமாக வருவோம். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள், எங்கள் ஆளே வந்தாலும். வரவு செலவு மாதாமாதம் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும்; பிள்ளைகள் பெயர் மட்டும் இராது. உங்கள் வீட்டிலேயே அப்படியொரு புடைப்பு இருந்தால் காசை விடுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழுவினர், வண்டிப்பெரியாறு