சி.எஸ். கொண்டுவந்தது விதை மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத்திய அமைச்சர்களாக இருந்த தமிழர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் சி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் சி. சுப்பிரமணியத்துக்கு நீங்கள் ஒதுக்கியது இரண்டே வரி: பசுமைப் புரட்சியைக் கொண்டுவந்தவர், 1998-இல் பாரத ரத்னா வாங்கியவர். கூடவே ஒரு கோதுமை வயல் படம். பள்ளிக்கூடப் பாடத்திலும் இதற்கு மேல் இருக்காது, அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனாலும் டெல்டாவில் நெல் போட்டு வயிறு வளர்க்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை. அவர் மெக்சிகோ விதையை இறக்கியதை எல்லோரும் சொல்கிறார்கள். விளைந்ததற்கு இன்ன விலை என்று அரசாங்கம் முன்கூட்டியே சொல்வதற்கும், சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வதற்கும் அவர் காலத்தில் ஏற்பாடு வந்ததை யாரும் சொல்வதில்லை.

விதைக் கதை சுருக்கம்தான். 1965-இல் மழை பொய்த்தது, அடுத்த வருஷமும் சரியில்லை, அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் கோதுமை. அதையும் ஜனாதிபதி ஜான்சன் மொத்தமாகத் தராமல் கையில் பிடித்துப் பிடித்துத்தான் விட்டார். அந்த நேரத்தில் உணவு, விவசாயத் துறையில் உட்கார்ந்திருந்தவர் சி.எஸ். உருக்குத் துறையில் நிம்மதியாக இருந்தவரை 1964-இல் சாஸ்திரி இங்கே இழுத்துப் போட்டார் (பெயரைக் கெடுத்துக்கொள்ள அதைவிடத் தோதான துறை அன்றைக்குக் கிடையாது). 1966-இல் 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை மெக்சிகோவிலிருந்து வந்து இறங்கியது. தில்லியில் தன் பங்களாவின் புல்தரையை உழுதுவிட்டு அதிலேயே அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். பயிர் விஞ்ஞானிகள் சுவாமிநாதன், போர்லாக் பெயர்கள் இங்கே வருவது நியாயம்தான், அவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் விதை நன்றாக விளைந்துவிட்டால் என்ன ஆகும்? அறுவடை சமயத்தில் விலை விழும். குட்டை ரகத்துக்கு உரமும் தண்ணீரும் காலத்தில் கொடுத்தாக வேண்டும், அதற்குக் கடன் வாங்கிப் போட்டவன், விலை விழுந்தால் அடுத்த போகத்துக்கு அந்த விதையைத் தொடவே மாட்டான். இதை எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வான், தில்லியில் மட்டும் அன்றைக்கு அது பெரிய சண்டையாக இருந்தது. விவசாயிக்கு விலையை ஏற்றிக் கொடுத்தால் நகரத்துச் சாப்பாட்டு விலை ஏறும், தொழில் வளர்ச்சி கெடும் என்பது எதிர்த்தரப்பு வாதம். உரம் வாங்க அந்நியச் செலாவணி எங்கே என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பக்கமிருந்து இன்னொரு முட்டுக்கட்டை. இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள் என்பது ஒரு தமாஷ். சி.எஸ். விட்டுக்கொடுக்கவில்லை. பிரதமரின் செயலாளர் எல்.கே. ஜா தலைமையில் குழு, அதன் பரிந்துரைப்படி விளைச்சலுக்கு விலை சொல்ல 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன், அதற்குத் தலைவராகப் பொருளாதாரப் பேராசிரியர் தந்த்வாலா. அதே மாதம் 14-ஆம் தேதி, சரியாகப் பொங்கலன்று, சொன்ன விலைக்குத் தானியத்தை வாங்கிச் சேர்க்க இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? தஞ்சாவூரில். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

இன்னொன்றும் செய்தார். விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமைக்கு விஞ்ஞானியே வரவேண்டும் என்று அமைப்பை மாற்றி, 1965-இல் பி.பி. பால் என்ற பயிர் விஞ்ஞானியைத் தலைமை இயக்குநர் ஆக்கினார். அதுவரைக்கும் ஐ.சி.எஸ். படித்த அதிகாரியின் மேஜையைத் தாண்டித்தான் எந்த விதையும் வயலுக்கு வரும் என்கிற நிலை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் அரசாங்கம் நெல் வாங்கும் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு காத்திருக்கிறோம். ஈரப்பதம் பார்க்கும் கருவியில் ஒரு பிடி நெல்லைப் போட்டு அந்தச் சின்னத் திரையில் என்ன எண் வருகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்ப்போம். 17 சதவீதத்துக்குள் இருந்தால் 40 கிலோ சிப்பமாகப் (மூட்டையாக) பிடித்துத் தைப்பார்கள், தாண்டிவிட்டால் திரும்பக் களத்தில் காயப்போட வேண்டியதுதான். ஐப்பசி மழையில் எங்கே காயப்போடுவது? தளர்வு கேட்டு மாநில அரசு தில்லிக்கு எழுதும், அங்கிருந்து குழு வரும், அதற்குள் கீழ்ச்சிப்பம் முளைவிட்டிருக்கும். அங்கே குறை ஆயிரம் இருக்கிறது, அதற்குத் தனியாக இன்னொரு கடிதம் எழுதவேண்டும். ஆனால் அந்த நிலையமே இல்லாத இடத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. 2020-இல் பஞ்சாப் விவசாயிகள் தில்லி எல்லையில் போய் உட்கார்ந்தார்களே, அவர்கள் பயந்ததும் இந்த ஏற்பாடு கைவிட்டுப் போய்விடுமோ என்றுதான்.

அப்புறம் அவருடைய அரசியல். 1954-இல் முதலமைச்சர் பதவியிலிருந்து ராஜாஜி விலகியபோது சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றவர் இவர். தோற்றவரைக் காமராஜர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு கல்வியையும் நிதியையும் கையில் கொடுத்தார், மதிய உணவுத் திட்டம் வந்தபோது கல்வி அமைச்சர் இவர்தான். 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது இன்னொரு மத்திய அமைச்சரான ஓ.வி. அளகேசனும் இவரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஏற்கவில்லை, சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்தபிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனாலும் 1967-இல் ஜனங்கள் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அரிசித் தட்டுப்பாடும் இந்தியும்தான் அந்தத் தேர்தல். தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. நாட்டுக்கே உணவு மந்திரியாக இருந்தவர் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். அடுத்த வருஷமே கோதுமை விளைச்சல் 1.65 கோடி டன்னைத் தொட்டது, 1964-65-இல் அது 1.2 கோடி டன் சுமார். கோதுமைப் புரட்சி என்று தபால்தலை வெளியிட்டார் இந்திரா. அப்போது சி.எஸ். மந்திரியும் இல்லை, எம்.பி.யும் இல்லை.

அவரைச் சாமியாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 1969-இல் காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் ஒரு பக்கம், இவர் இந்திரா பக்கம். நெருக்கடி நிலை முழுக்க நிதியமைச்சராக உட்கார்ந்திருந்தார், எழுந்து வெளியே வரவில்லை. இந்திப் பிரச்சினையில் ஒருமுறை ராஜினாமாக் கடிதம் எழுதியவருக்கு 1975-இல் ஏன் கை வரவில்லை என்ற கேள்வி எனக்கு உண்டு. கிராம வங்கிகள் அந்தக் காலத்தில்தான் வந்தன, சரி, அது இதற்குப் பதில் ஆகாது. பிறகு 1979-இல் நாடாளுமன்றத்தையே சந்திக்காத சரண் சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சர். மகாராஷ்டிர ஆளுநராக இருந்தபோது பிரதமர் நரசிம்ம ராவைக் குறைசொன்னதாகச் செய்தி வந்து 1993-இல் பதவி விலகினார். பசுமைப் புரட்சியிலும் பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனதும், உரமும் மருந்தும் கொட்டிக் கொட்டி மண் கெட்டதும் பொய்யில்லை. பஞ்சத்தை நிறுத்த எடுத்த முடிவை அறுபது வருஷம் அப்படியே ஓட்டியதில் பின்னால் வந்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் வாதம். ஒப்புக்கொள்ளாதவர்கள் எழுதட்டும், படிக்கிறேன்.

அவர் பிறந்தநாள் ஜனவரி 30. காந்தி நினைவுநாள் என்பதால் எந்தப் பத்திரிகையிலும் அவருக்கு இடம் கிடைப்பதில்லை. வருகிற ஜனவரியில் நீங்களாவது ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1967 தோல்வியையும் நெருக்கடி நிலையையும் விடாமல் சேர்த்தே போடுங்கள். படத்துக்குக் கோதுமை வயல் வேண்டாம், ஏதாவதொரு கொள்முதல் நிலையத்துக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். ஜனவரியில் சம்பா அறுப்பு நடக்கும், கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்