என் ஆபத்து எவ்வளவு என்று எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்

அனுப்புநர்:
மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவரின் தங்கை

பெறுநர்:
சுகாதாரத்துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: புற்றுநோய் வரும் வாய்ப்பு தமக்கு எவ்வளவு என்பதை நோயாளிகளும் குடும்பத்தாரும் புரிந்துகொள்ள ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். அக்காவுக்குச் சிகிச்சை நடந்தபோது மருத்துவர் என்னிடம், "உங்களுக்கு மற்றவர்களைவிட ரெண்டு மடங்கு ஆபத்து இருக்கு" என்றார். அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதில் இரண்டு மடங்கு என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. பல மாதம் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

பிறகு ஒரு செவிலியர்தான் தாளில் நூறு புள்ளி வைத்துக் காட்டினார். நூற்றில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வந்தாலும் இரண்டு மடங்குதான், இருபது பேருக்கு வருவது நாற்பது பேருக்கு வந்தாலும் இரண்டு மடங்குதான். இரண்டும் ஒன்றா? 2002-இல் மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரை பற்றிய ஆய்வு வந்தபோது, மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்ற செய்தி பரவி, ஏராளமான பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். ஆண்டுக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வருவது 38 பேருக்கு வருகிறது என்பதுதான் அதன் பொருள். இப்படிச் சொல்லியிருந்தால் அவரவர் நிதானமாக யோசித்து முடிவெடுத்திருப்பார்கள்.

அந்தச் செவிலியர் இன்னொன்றும் கேட்டார்: "அப்பா வழியில யாருக்காவது?" அத்தைக்குச் சினைப்பைப் புற்றுநோய் இருந்தது. மருத்துவமனைப் படிவத்தில் அம்மா, அக்கா தங்கை என்று மட்டும் இருந்ததால் அத்தையைப் பற்றி நாங்கள் சொல்லவே இல்லை. மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ (BRCA) என்ற மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் வரும். அப்பாவிடம் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த மாற்றம் உள்ள பெண்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. இப்போது அக்காவை மரபணு ஆலோசனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவுக்குக் காத்திருக்கிறோம். யாரும் கேட்காமலே போயிருந்தால்?

இதை எழுதும்போது இன்னொரு பயமும் வருகிறது. 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, அதனால் எனக்கும் வராது' என்று நினைத்து எத்தனையோ பேர் பரிசோதனைக்கே போவதில்லை. மொத்தப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான். அவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது: குடும்ப நோய் வரலாற்றை இரு வழியிலும் மூன்று தலைமுறைக்கு, யாருக்கு எந்த வயதில் வந்தது என்பதோடு கேட்கும் படிவம் வேண்டும். வயது முக்கியம், பெருங்குடல் புற்றுநோய் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 45 வயதில் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு 35-லேயே பரிசோதனை தொடங்கச் சொல்கிறார்கள். அப்புறம், ஆபத்தைச் சொல்லும்போது 'நூறு பேரில் இத்தனை பேர், இத்தனை ஆண்டுக்குள்' என்று படத்தோடு சொல்லி, வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு தாளும் தர வேண்டும். புரிந்ததா என்று மட்டும் கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவோம். எனவே கேட்டதை நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களே இதைச் செய்வார்கள். மரபணுப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகரிடம் பேச வழியும் வேண்டும்.

முதலில் சில மருத்துவமனைகளிலாவது இதைத் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)