படிவத்தின் பின்பக்கம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களுக்கு மேலாகிவிட்டது. சோம்பலால் தாமதிக்கவில்லை, வலது கண்ணில் புரை நீக்கிக்கொண்டதால், படிக்கவும் எழுதவும் கூடாது என்று மருத்துவர் சொன்னதற்குக் கட்டுப்பட்டு இருந்தேன். ஆகவே உன் கடிதத்தை முதலில் வாசித்துக் காட்டியவள் என் மனைவிதான். உன் இளைய மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியைக் கேட்டு இருவரும் மகிழ்ந்தோம். ஆனால் அரசு தரும் கல்விக் கடனை மறுத்துவிட்டு, உன் வைப்புநிதியை முறித்து நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் நீயே கட்டப் போவதாக எழுதியிருந்த பத்தி வந்ததும், அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முப்பது ஆண்டுகள் கட்டணப் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் இதற்குப் பதில் எழுதாமல் இருக்கக் கூடாது என்பது அந்தப் பார்வையின் பொருள்.

பதினெட்டு வயதில் பெண் கடனாளியாக வேண்டாம் என்கிறாய். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்தபோது நான் கடன் வாங்கிப் படித்தது உனக்குத் தெரியும். படிப்பு முடிந்த பின் நடந்தது தெரியாது. தேர்வு முடிந்து ஆறு மாதம் கழித்து முதல் தவணை கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். எனக்கு வேலை கிடைத்ததோ பதினான்காம் மாதத்தில். இடைப்பட்ட எட்டு மாதங்களும் அறிவிப்புகள் ஜாமீன் கையெழுத்திட்ட அப்பாவின் பெயருக்கு வந்திருக்கின்றன. அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் மறைந்த பிறகு, ஒரு பழைய நாட்குறிப்பினுள் எட்டு அறிவிப்புகளும் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். சில மாதத் தவணைகளை அவர் கட்டியிருந்தார், சிலவற்றை விட்டிருந்தார். விட்ட மாதங்களுக்கான அபராத வட்டியை ஒவ்வோர் அறிவிப்பின் ஓரத்திலும் பென்சிலால் கூட்டிப் பார்த்திருந்தார். கூட்டல் ஓரிடத்தில் தவறு. அதை அடித்துவிட்டு மறுபடி கூட்டியிருந்தார்.

வேலை கிடைத்த மூன்று ஆண்டுகளில் அசலும் வட்டியும் அடைந்துவிட்டன என்பதால், தொகை எனக்குப் பெரிய சுமையாக இருந்ததில்லை. என்னையும் அப்பாவையும் வதைத்தது தேதி. சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் ஏழாம் மாதம் முதல் தேதி ஏழாம் மாதம் முதல் தேதிதான் என்று நின்ற அந்த ஒப்பந்தத்தின் வடிவத்தைத்தான் இன்றும் குறை சொல்வேன்.

உன் கடிதத்தில் வட்டி விகிதம் இருக்கிறது, கடன் தொகை இருக்கிறது. திருப்பிச் செலுத்துவது எந்த முறையில் என்பது மட்டும் இல்லை. எல்லாம் தொங்குவது அதில்தான். அரசுக் கல்விக் கடன் என்று ஒரே பெயரில் வழங்குபவை உண்மையில் இரண்டு வேறு சரக்குகள். ஒன்று, வீட்டுக் கடனைப் போலக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் மாதத் தவணையில் கட்டித் தீர்ப்பது. மற்றது, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும், தாண்டிய அளவைப் பொறுத்து, சம்பளத்திலேயே பிடித்தம் செய்யப்படுவது. வேலை இழந்தாலோ, குழந்தைக்காக விடுப்பில் இருந்தாலோ, முதல் வகையில் அறிவிப்பு வரும்; இரண்டாவதில் பிடித்தம் தானாகவே நின்றுவிடும்.

அரசு ஏன் இதில் தலையிட வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அதற்கு எளிய விடை உண்டு. வீட்டை அடகு வைக்கலாம், பட்டத்தை அடகு வைக்க முடியாது; கடன் கட்டாதவனிடமிருந்து அவன் படித்த வேதியியலைப் பிடுங்கி ஏலம் விட எந்த வங்கியாலும் ஆகாது. ஆகவே வங்கி பெற்றோரின் சொத்தைக் கேட்கும், ஜாமீன் கேட்கும்; இரண்டும் இல்லாதவன் வெளியே நிற்பான். அரசின் தலையீட்டைப் பொதுவாக விரும்பாத பொருளியலாளர் மில்டன் பிரீட்மன்கூட 1955-இல் இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டி, படிப்புக்குப் பணம் தந்து, பின்னாளில் படித்தவரின் வருமானத்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதினார்.

அந்த எண்ணத்தை ஒரு நாடு முழுவதற்குமான திட்டமாக முதலில் நடைமுறைப்படுத்தியது ஆஸ்திரேலியா. 1974 முதல் அங்கே பல்கலைக்கழகக் கட்டணமே இல்லை. 1989-இல் மீண்டும் கட்டணம் கொண்டுவந்தபோது, எல்லாப் படிப்புக்கும் ஆண்டுக்கு 1,800 டாலர் என்று வைத்து, அதை உடனே கட்டவும் செய்யலாம், அல்லது வேலைக்குப் போன பின் வருமான வரியோடு சேர்த்துச் செலுத்தலாம் என்றார்கள். இதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் புரூஸ் சாப்மன் என்ற பொருளியலாளர். யாருடைய சம்பளம் எவ்வளவு என்பது வரித்துறைக்கு முன்பே தெரியும் என்பதால், வசூலிக்க ஆள் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம். என் அப்பாவின் நாட்குறிப்புக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

இங்கிலாந்தின் இன்றைய கணக்கை எடுத்துக்கொண்டால் இந்த முறை நன்றாக விளங்கும். 2023 ஆகஸ்ட் முதல் அங்கே படிக்கத் தொடங்கியவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் 9 விழுக்காடு செலுத்த வேண்டும். 30,000 பவுண்டு சம்பாதிப்பவருக்கு, வரம்புக்கு மேலுள்ள 5,000-க்கு 450 பவுண்டு, அதாவது மாதம் 37 பவுண்டு 50 பென்ஸ். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவர் வாங்கிய கடன் 30,000 ஆனாலும் 60,000 ஆனாலும் மாதப் பிடித்தம் அதே 37 பவுண்டு 50 பென்ஸ்தான். தொகை பெரிதாக இருந்தால் செலுத்தும் ஆண்டுகள் நீளுமே தவிர, மாதச் சுமை கூடாது. 40 ஆண்டு முடிந்தும் பாக்கி இருந்தால் தள்ளுபடி. இப்படிப்பட்ட கடனை, அயலார் கடையில் வைத்த பாக்கியைப் போல எண்ணி நீ நடுங்கத் தேவையில்லை. பட்டதாரிகள் மட்டும் கட்டும் ஒரு வரி என்று இதைச் சொல்பவர்களும் உண்டு. முழுதும் சரியன்று, முழுதும் தவறும் அன்று. பணக்காரத் தந்தை முதல் நாளே கட்டிவிட்டால் மகனுக்கு அந்த வரியே இல்லை என்பதுதான் இடிக்கிறது.

மறுபக்கம் அமெரிக்கா. 1957-இல் சோவியத்துகள் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும், அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற அதிர்ச்சியில் 1958-இல் அரசுக் கடன் சட்டம் வந்தது. 1965-இன் உயர்கல்விச் சட்டம், வங்கிகள் தரும் கடனுக்கு அரசே பொறுப்பேற்கும் முறையைக் கொண்டுவந்தது. வழக்கமான கெடு 10 ஆண்டு, மாதத் தவணை. வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் திட்டங்களும் பின்னர் வந்தன. ஆனால் தானாக வரித்துறை வழியாக நடப்பதற்குப் பதிலாக, கடன் வாங்கியவரே விண்ணப்பித்து, ஆண்டுதோறும் வருமானத்தை மெய்ப்பித்து, படிவங்களோடு போராட வேண்டியிருந்தது. திவால் நீதிமன்றத்தில்கூட இந்தக் கடனிலிருந்து விடுபடுவது அரிது. இன்று அங்கே 4 கோடிக்கும் மேற்பட்டோர், ஏறக்குறைய 1.6 இலட்சம் கோடி டாலர் அரசுக் கடனைச் சுமந்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக்காகத் தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டு, 2023 இலையுதிர்காலத்தில்தான் மீண்டும் தொடங்கின. இடையே அரசு அறிவித்த பெருந்தள்ளுபடியை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தள்ளுபடி வரும் என்று நம்பித் திட்டமிட்டவர்களின் நிலையை நினைத்துப் பார். ஆகவே “அரசுக் கடன்தானே, எப்படியும் தள்ளுபடி ஆகும்” என்று உன் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அவர் பேச்சைத் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதே.

இதுவரை எழுதியதைப் பார்த்து, நான் வருமானம் சார்ந்த கடனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பாய். வாங்குகிறேன்தான், ஆனால் அதிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. பதினெட்டு வயதுப் பிள்ளை கையெழுத்திடும் இந்த ஒப்பந்தத்தின் மறுதரப்பு, தான் நினைத்தபோது விதியை மாற்றக்கூடியது. இங்கிலாந்தில் 2012-இல் சேர்ந்தவர்களிடம், 21,000 பவுண்டு வருமான வரம்பு பின்னாளில் சம்பள உயர்வுக்கேற்ப உயரும் என்று சொல்லியிருந்தார்கள். 2015-இல், அதை ஐந்தாண்டுக்கு உறையவைப்பதாக, ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களுக்கும் சேர்த்து, அறிவித்தார்கள். பிறகு எதிர்ப்பும் தேர்தலும் வந்தபின் 2018-இல் வரம்பு 25,000 ஆனது. தனியார் வங்கி ஒன்று இப்படிப் பின்தேதியிட்டு விதியை மாற்றியிருந்தால் நாம் அதை என்ன பெயரிட்டு அழைத்திருப்போம்? மாற்றம் எப்போதும் பாதகமாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் பணவீக்கத்துக்கு ஏற்பப் பாக்கியை உயர்த்தும் விதியால் 2023-இல் பாக்கித் தொகைகள் ஒரே நாளில் 7.1 விழுக்காடு ஏறின. ஆனால் 2025-இல் சட்டம் இயற்றி எல்லோருடைய பாக்கியிலும் 20 விழுக்காட்டைக் குறைத்தார்கள். 2024-இல் முழுதும் கட்டி முடித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

கட்டணமும் இந்த முறையின் நிழலிலேதான் வளர்கிறது. இன்றே கட்ட வேண்டியதில்லை என்றால் உயர்த்துவதற்கு யாருக்கும் கூச்சம் இராது. இங்கிலாந்தில் 1998-இல் 1,000 பவுண்டு, 2006-இல் 3,000, 2012-இல் 9,000. அந்த 9,000 விதிவிலக்கான நிறுவனங்களுக்கு மட்டுமான உச்சவரம்பு என்றுதான் பேசப்பட்டது; பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நேரே அதற்கோ அதற்கு அருகிலோ போய் நின்றன.

இப்போது உன் வீட்டு விஷயம். நான் ஜன்னலில் இருந்த காலத்தில், கையெழுத்திடும் முன் மாணவர்கள் வட்டியைப் பற்றிக் கேட்டது அரிது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “இதில் கையெழுத்துப் போட்டால் அப்பாவுக்கு ஏதாவது வருமா சார்?” என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஜாமீன்தாரர் என்ற கட்டம் இருக்கிறதா என்று காட்டுவேன். இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. என் மேலதிகாரிக்கு இது பிடிக்காது, வரிசை நீள்கிறது என்பார்.

உன் மகளுக்குக் கிடைக்கும் கடன் சம்பளத்தில் பிடிக்கப்படும் வகையானால், வைப்புநிதியை முறிக்காதே. அறுபத்து மூன்று வயதில் உனக்கும் உன் மனைவிக்கும் கையில் இருக்கும் ஒரே பணம் அது. மருத்துவச் செலவு ஒன்று வந்தால், வருமானம் சார்ந்த கடன் உனக்கு எவனும் தர மாட்டான். பிற்பாடு அவளுக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால், அப்போது அவளுடைய சம்பளத்தையும் பாக்கியையும் பார்த்து முடிவு செய்யலாம். இன்று முறித்துவிட்டால் அந்தத் தேர்வு கைவிட்டுப் போய்விடும். நிலையான தவணைக் கடனானால் கணக்கு வேறு: முதல் தவணை எந்த மாதம், வேலை தாமதமானால் தள்ளிவைக்க முடியுமா, தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடுமா, அது அசலில் சேருமா என்று பார். அப்படியானால் பாதியைக் கடனாகவும் மீதியை உன் பணத்திலிருந்தும் கட்டுவதை நானே ஆதரிப்பேன்.

இன்னொன்று. முடிவை நீ மட்டும் எடுக்காதே. அந்தப் படிவத்தை அவளையே உட்கார்ந்து படிக்கச் சொல், கையெழுத்து அவளுடையது. என் அப்பா என்னிடம் அந்த அறிவிப்புகளைக் காட்டியிருந்தால், அந்த எட்டு மாதங்களில் கிடைத்த வேலை எதையாவது செய்திருப்பேன். நல்ல வேலைக்காகக் காத்திருக்கிறேன் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மருத்துவர் ஒரு வேளைக்கு அரை மணி நேரம்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். இதை மூன்று நாளாக எழுதுகிறேன். படிவத்தின் இரண்டு பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பு. பின்பக்கத்தைத் தவறாமல் அனுப்பு. எழுத்து பொடியாக இருக்கும், பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

மகளுக்கு எங்கள் இருவரின் வாழ்த்துகளையும் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்