எந்தக் கிளாஸில் சேர்வது என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உன் ஆபீஸ் பக்கத்தில் கராத்தே, கிராவ் மகா என்ற இஸ்ரேலியத் தற்காப்புக் கலை, ஜூடோ மூன்றுக்கும் கிளாஸ் இருக்கிறது, எது நிஜச் சண்டைக்கு உதவும் என்று கேட்டிருந்தாய். கூடவே, "ஜூடோ வெறும் விளையாட்டுதானேம்மா, கிராவ் மகாவில் கண்ணைக் குத்தவே சொல்லித் தருகிறார்களாம்" என்று ஒரு வரி வேறு. காலேஜ் டீமில் ஜூடோ ஆடியவளிடமே!

கண்ணைக் குத்துவது பயங்கரமான வித்தைதான். ஆனால் கிளாஸில் யார் கண்ணைக் குத்திப் பழகுவாய்? நாலு விரல் தள்ளியே கையை நிறுத்தியாக வேண்டும். அப்படி நிறுத்தியே பழகிய கை, நாளைக்கு ஒருவன் நிஜமாகவே பாய்ந்து வரும்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகன் என்ற தன் பள்ளியைத் தொடங்கியபோது இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். ஜுஜுத்ஸு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் ஆபத்தான அடி, உதைகளையெல்லாம் கட்டாவுக்கு, அதாவது முன்பே வகுத்த அசைவுகளைச் செய்து பழகும் பயிற்சிக்கு, ஒதுக்கிவிட்டார். மிச்சமிருந்த, ஆளைத் தூக்கிப் போடும் வீச்சையும் பிடியையும் முழு பலத்தோடு, விட்டுக்கொடுக்காத ஆளோடு பழக வைத்தார். அதுதான் ராண்டோரி. கொடிய வித்தைகளைக் கழித்ததால் அவருடைய மாணவர்கள் இளைத்துப் போகவில்லை. பழைய பள்ளிக்காரர்களையே போட்டிகளில் தூக்கிப் போட்டார்கள்.

ராண்டோரி எப்படியிருக்கும் தெரியுமா? எதிரில் நிற்பவள் உன் காலரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்ததும், கற்றதெல்லாம் மறந்துவிடும். விரல் மூட்டு எரியும், மூச்சு முட்டும், நீ இழுக்கிற பக்கம் அவள் வரவே மாட்டாள். கொஞ்ச மாதம் போனால், அவள் எடை முன்காலுக்கு மாறுகிற அந்த அரை நொடி உன் கைக்குத் தெரிய ஆரம்பிக்கும், கண்ணுக்குத் தெரியும் முன்பே. கிராவ் மகா கிளாஸிலும் இப்படி மல்லுக்கு நின்று பழக்கினால் தாராளமாகச் சேரலாம். இரண்டு நாள் பயிலரங்கு, சர்ட்டிபிகேட் என்றால் காசைப் பத்திரமாக வை.

கோடோகனில் பயின்ற மிட்சுயோ மயேடா பிரேசிலுக்குப் போய்க் கற்றுக்கொடுத்த வித்தையைத்தான் அங்கிருந்த கிரேசி குடும்பம் பிரேசிலிய ஜுஜுத்ஸுவாகத் தனக்கென்று வளர்த்துக்கொண்டது. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யூ.எஃப்.சி.யில், அதாவது வெவ்வேறு சண்டைக் கலைக்காரர்கள் மோதிய போட்டியில், எடைப் பிரிவே கிடையாது. ஒல்லியாக இருந்த ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை ஜெயித்தார். முதலில் வந்த ஆர்ட் ஜிம்மர்சன் குத்துச்சண்டைக்காரர். ஒரு கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கீழே விழுந்து, மேலே ஆள் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். குத்துச்சண்டை மட்டமில்லை. தரையில் கிடந்து பழகாதவருக்குத் தரை புது ஊர், அவ்வளவுதான்.

ஆனால் அங்கே ஒருவருக்கு ஒருவர். ரோட்டில் தாரில் படுத்துக்கொண்டு ஒருவன் கையை நீ முறுக்கிக்கொண்டிருந்தால், அவன் கூட்டாளி சும்மா நிற்பானா?

கராத்தே பற்றி ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டி ஒன்றில் சவூதியின் தாரிக் ஹாமிதி தலையில் விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதே மயங்கி விழுந்தார். அளவுக்கு மீறி அடித்ததாக ஹாமிதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம்! அந்த விதிக்குள் அது சரி. ஆனால் எந்த விதியில் பழகுகிறாயோ, உடம்பு அதைத்தான் படித்துக்கொள்ளும். கியோகுஷின் கராத்தேயில் உடம்பில் நிஜமாகவே அடிப்பார்கள், ஆனால் கையால் முகத்தில் குத்தக் கூடாது. அங்கே மட்டும் பழகினால் முகத்தைக் காக்கும் பழக்கம் சுலபத்தில் வராது.

சிலம்பத்தை விட்டுவிட்டாயே என்று அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார். இடைவெளியைக் கணக்குப் பண்ணி கால் வைக்கிற அந்தப் பழக்கம் தங்கம்தான். எதிராளி கம்பு எட்டாத தூரத்தில் நிற்கக் கற்றவளை லேசில் பிடிக்க முடியாது. ஆனால் கம்போடு மெட்ரோவில் ஏற்ற மாட்டார்களே. சும்மா சுற்றிக் காட்டுவதோடு நில்லாமல், தொட்டால் புள்ளி என்று நேருக்கு நேர் ஆட விடும் ஆசான் கிடைத்தால் லீவில் வரும்போது பழகு.

சரி, சனிக்கிழமை மூன்று இடத்துக்கும் போய் ஓரமாக உட்கார்ந்து பார். யாராவது நிஜமாகவே தோற்கிறார்களா, பழைய மாணவர்கள் புதுசுகளைக் காயப்படுத்தாமல் ஆடுகிறார்களா, மாஸ்டர் கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறாரா என்று கவனி. எனக்கு ஆசை ஜூடோவில்தான். முதல் வாரமே விழக் கற்றுத் தருவார்கள். ஈரத் தரையில் வழுக்கினாலும் அது கைகொடுக்கும். எதில் சேர்ந்தாலும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. முதல் மாத ஃபீஸ் அப்பா கணக்கிலிருந்து போடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா