கார் பாட்டும் தொப்பூர் இறக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு மலரில் சர்ஃப் ராக் பற்றி, அதாவது அறுபதுகளில் அமெரிக்காவில் வந்த அலைச்சறுக்குப் பாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் பட்டறையில் வைத்தே படித்து முடித்தேன். பீச் பாய்ஸ் குழு, ஜான் அண்ட் டீன் ஜோடி பெயரையெல்லாம் தமிழ்ப் பேப்பரில் பார்த்ததில் சந்தோஷம். ஆனால் எழுதியவர் அலையும் மணலுமாகக் கடற்கரையிலேயே நின்றுவிட்டார். கார் பாட்டுகளுக்கு இரண்டே வரி!

நான் லாரி பிரேக் வேலை பார்க்கிறவன். தொழில் பழகியது பெங்களூரு ஜே.சி. ரோட்டில். அங்கே முதலாளிக்கு இந்தக் கேசட்டுகள் என்றால் உயிர். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனாலும் பாட்டுக்குள் கியர், இன்ஜின் என்று காதில் விழுந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன். 1962-இல் பீச் பாய்ஸ் பாடிய ‘409’ என்பது ஷெவர்லே இன்ஜினின் கன அங்குல அளவு. நம் கணக்கில் 6.7 லிட்டர். வேடிக்கை என்னவென்றால், பாட்டில் உறுமுவது 409 இல்லை. பாட்டைக் கூடச் சேர்ந்து எழுதிய கேரி அஷரிடம் இருந்தது அதைவிடச் சின்ன 348 இன்ஜின் கார். அதை முறுக்கித்தான் டேப்பில் பிடித்தார்கள். ரோனி அண்ட் தி டேடோனாஸ் குழு ஜிடிஓ என்ற காரைப் பற்றிப் பாடிய ‘ஜிடிஓ’ (1964) இன்னும் ஒரு படி மேல். மூன்று கார்புரேட்டர், நாலு கியர் என்று ஸ்பேர் பார்ட்ஸ் பில் மாதிரி போகும். அவர்கள் அமெரிக்காவின் நாஷ்வில்காரர்கள், நம் தர்மபுரி போலவே கடல் இல்லாத ஊர். பீச் பாய்ஸிலேயே அலைச்சறுக்கு ஆடியவர் டென்னிஸ் வில்சன் ஒருவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1964-இல் ஜான் அண்ட் டீன் பாடிய ‘டெட் மேன்ஸ் கர்வ்’ (செத்தவன் வளைவு) எப்படி விட்டுப்போனது? லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கார்வெட்டும் ஜாகுவாரும் ரேஸ் விடுகின்றன. ஆட்டம் ஒரு வளைவோடு முடிகிறது. ஓட்டியவன் கடைசியில் டாக்டரிடம் பேசுகிறான். இரண்டே வருடத்தில், 1966 ஏப்ரலில், பாடிய ஜான் பெர்ரியே பெவர்லி ஹில்ஸில் தன் கார்வெட்டை நின்றிருந்த லாரியில் கொண்டுபோய் மோதினார். மூளையில் பலத்த அடி. பேச்சு தடுமாறி, உடம்பில் ஒரு பக்கம் விளங்காமல் போய், பல வருடம் கழித்துத்தான் மறுபடி மேடை ஏறினார்.

இங்கே தொப்பூர் கணவாயில் பசங்க பைக்கை முறுக்கி ரீல்ஸ் எடுக்கிறார்கள், பின்னணியில் ஏதோ ஒரு குத்துப்பாட்டு. அதே இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வரும் லாரிகளும் உண்டு. இன்ஜின் பிடிப்பு இல்லாததால் மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். அப்படி வந்த வண்டியைக் கழற்றினால் சூட்டில் பிரேக் டிரம் நீலம் பாரித்திருக்கும், அதில் உரசிப் பிடிக்கிற லைனிங் பளபளவென்று இறுகிக் கிடக்கும். மிதித்தால் எங்கே பிடிக்கும்? அந்த லாரிக்கு முன்னால்தான் இந்தப் பைக்குகள் போகின்றன.

கானா, ராப் எழுதும் நம்மூர்ப் பிள்ளைகள் யாராவது இந்தக் கணவாயின் இரட்டைப்பாலம் வளைவை வைத்து ஒரு பாட்டு கட்டலாம். டிரம், லைனிங் சமாச்சாரமெல்லாம் நான் சொல்லித் தருகிறேன். நீங்களும் அடுத்த மலரில் ஜான் பெர்ரியைப் பற்றி நாலு வரி சேர்த்துப் போடுங்கள்.

- பிரேக் மெக்கானிக், தொப்பூர், தர்மபுரி மாவட்டம்