சென்னையின் பெயரில் பறந்தவர்கள்: ஆவணக் காப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனின் வடபுறத்தில் ஹெண்டன் என்னும் இடத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் மழைக்கு ஒதுங்கத்தான் அதற்குள் நுழைந்தேன். துடைத்து மெருகேற்றி நிறுத்தப்பட்ட விமானங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. தகடு கிழிந்து, உள்ளிருக்கும் சட்டங்கள் விலா எலும்புகள் போலத் துருத்திக்கொண்டிருந்தன. பழுது பார்க்காமல், ஏரியிலிருந்து தூக்கிய கோலத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஹாலிஃபாக்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானம், எண் டபிள்யூ1048.

அது எந்தப் படையணியைச் சேர்ந்தது என்று இரவில் தேடிப் படித்தேன். 35ஆம் ஸ்குவாட்ரன். முழுப்பெயர், ‘35ஆம் சென்னை ராஜதானி ஸ்குவாட்ரன்’. அதன்பின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் உலகப்போரில் பெருந்தொகை கொடுத்த காலனிகளின் பெயரைப் படையணிகளுக்குச் சூட்டுவது பிரிட்டிஷ் அரசின் வழக்கம். கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா), ரொடீசியா, மலேயாவின் நீரிணைக் குடியேற்றங்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். நம் ராஜதானியின் பெயர் ஒன்றல்ல, மூன்று அணிகளுக்கு இருந்தது. 234உம் 264உம் சண்டை விமான அணிகள். 35 குண்டுவீச்சு அணி.

1942ஆம் ஆண்டு மார்ச் 30 இரவு, நார்வேயின் ட்ரான்ட்ஹைம் பகுதியில் ஒரு கடல்நீர்ப் பிளவுக்குள் பதுங்கியிருந்த ‘டிர்பிட்ஸ்’ என்னும் ஜெர்மன் போர்க்கப்பலைத் தேடி ஸ்காட்லாந்திலிருந்து ஹாலிஃபாக்ஸ்கள் புறப்பட்டன. மேகமும் மூடுபனியும் கப்பலை மறைத்துவிட்டன. சென்னை அணியில் மூன்று விமானங்கள் திரும்பவில்லை. அவற்றுள் ஒன்று ஷெட்லாந்துத் தீவின் தென்முனையில் ஃபிட்ஃபுல் ஹெட் என்ற செங்குத்துப் பாறைமுகட்டில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. குண்டு போட இலக்கும் கிடைக்காமல், வட கடலைக் கடந்து வந்து, சொந்த நாட்டின் கரையில் முடிந்துபோனவர்கள் அவர்கள்.

நான் பார்த்த டபிள்யூ1048 அடுத்த மாதம், ஏப்ரல் 27 இரவு போனது. அதற்கு அதுதான் முதல் போர்ப்பயணம். கப்பலுக்கும் மலைச்சரிவுக்கும் இடையில் உருண்டு விழட்டும் என்று உருண்டை வடிவக் கண்ணிவெடிகளைத் தாழப் பறந்து போட்டார்கள். பீரங்கி அடியில் இறக்கை தீப்பிடித்தது. ஹோக்லிங்கன் என்ற உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேல் விமானி அதை வயிற்றால் இறக்கினார். ஆறு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஐந்து பேர் பனியில் நடந்து ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள். கணுக்கால் முறிந்த ஒருவர் மட்டும் நடக்க முடியாமல் கைதியானார். விமானம் பனிக்கட்டி உடைந்து மூழ்கியது. 1973இல்தான் வெளியே வந்தது.

அதே ஏப்ரலில் நம் ஊரில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டு விழுந்த செய்தி கேட்டு, சென்னை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடுமே என்று மிருகக்காட்சிச்சாலைச் சிங்கம் புலிகளையும் சுட்டுத் தள்ளினார்கள். தன் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்குமோ என்று நகரம் நடுங்கிக்கொண்டிருந்தபோது, அதன் பெயர் கொண்ட விமானங்கள் நார்வேயின் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்தன.

35ஆம் அணி அதே ஆண்டு ஆகஸ்டில் ‘பாத்ஃபைண்டர்’ படையில் சேர்க்கப்பட்டது. முன்னால் போய் வண்ண ஒளிக்குண்டுகளால் இலக்கை அடையாளம் காட்டுவது அதன் வேலை. மேலிருந்து கொத்துக்கொத்தாக இறங்கிய அந்த விளக்குகளை ஜெர்மானியர் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்றார்கள். அந்த மரங்களைப் பார்த்தவர்கள் பலர் மறுநாள் காலையைப் பார்க்கவில்லை. 1943 ஜூலைக் கடைசியில் ஹாம்பர்க்கில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆகவே இந்த இளைஞர்களுக்குச் சிலை வையுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அவர்களைத் தூற்றவும் எனக்கு மனமில்லை. குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள்.

என் கேள்வி பணத்தைப் பற்றியது. அது யார் பணம்? 1940 இறுதியில் ‘ஆளாகவோ பணமாகவோ போருக்கு உதவாதே’ என்று சொன்னதற்காக ராஜாஜி முதல் ஊர்ப்பேர் தெரியாத தொண்டர் வரை தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனார்கள். அந்தக் காலத்தில்தான் இந்த ராஜதானியில் போர் நிதி வசூலானது. ஜமீன்தார் கொடுத்தது எவ்வளவு, மில் முதலாளி கொடுத்தது எவ்வளவு, தாசில்தார் வந்து நின்றதற்காகக் குடியானவன் மடியிலிருந்து அவிழ்த்தது எவ்வளவு? இதற்கு விடை இருக்குமானால் அது உங்கள் கட்டுகளில்தான் இருக்க வேண்டும்.

1914இல் ஒரே இரவு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ‘எம்டன்’ கப்பலை நாம் இன்னும் மறக்கவில்லை. கெட்டிக்காரப் பயலைக்கூட ‘எம்டன்’ என்கிறோம். உயர்நீதிமன்ற வளாகத்தில் அதற்குக் கல்வெட்டும் இருக்கிறது. நம்மைச் சுட்டவனுக்கு நம் மொழியில் ஒரு சொல்லே கொடுத்தோம். நம் பெயரில் போய்ச் செத்தவர்களுக்கும், நம் பெயரில் கொல்லப்பட்டவர்களுக்கும் ஒரு தாள்கூட எடுத்துவைக்கவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. போர் நிதிக் கோப்புகளை மின்னுருவாக்கி மாவட்ட வாரியாகப் பார்வைக்கு வையுங்கள். கூடவே ஒரே ஒரு கண்ணாடிப் பேழை. இடப்பக்கம் ஒரு வசூல் பதிவேடு, வலப்பக்கம் 35ஆம் அணியில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல். விளக்க அட்டைகூட வேண்டாம்.

பழைய கையெழுத்துத் தெலுங்கும் தமிழும் எனக்கு ஓரளவு படிக்க வரும். ஓய்வு பெற்றவன், நேரமும் இருக்கிறது. எந்த நாளில், எந்த மேசையில் உட்கார வேண்டும் என்று சொன்னால் பென்சிலோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசிப்பறைக்கு வந்துபோகும் ஒருவன்