அம்மாவுக்கு ஒரு பட்டாணி மசியல்

ஷெஃபீல்டு,
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவன் கேட்ட பாடத்திலேயே இடம் கிடைத்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான் என்று படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று புலம்புகிறானாம். முதல் வருஷம் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், போகப்போகப் பழகிக்கொள்வான், நீ கவலைப்படாதே.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மிச்சமிருந்த பல்லையும் எடுத்தாயிற்று, ஈறு ஆறிப் பல்செட் வைக்க நாளாகும், அதுவரை கஞ்சியும் குழைந்த ரசம் சாதமும்தான், அதையும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். "என்னை நோயாளியா ஆக்கிட்டீங்களே" என்றார்களாமே. ஒரு காலத்தில் நம் தெருவுக்கே கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்த கை அது. அவர்களுக்குத் தனியாக ஒரு கிண்ணம், மற்றவர்களுக்கு வேறு சாப்பாடு என்றால் மனசு கேட்குமா?

அதனால்தான் இந்தப் பட்டாணி மசியலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இங்கே 'மஷி பீஸ்' என்பார்கள். இங்கிலாந்தின் வடக்குப் பக்கம், பல் இல்லாத தாத்தாவும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டம் இது. மீன் வறுவல் கடையில் மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் இதைத் தருவார்கள். நவம்பர் 5 அன்று ஊரெல்லாம் சொக்கப்பனை மாதிரி தீ மூட்டி வெடி வெடிப்பார்கள். அந்தக் குளிரில் இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' என்கிற பண்டமும் இந்த மசியலும்தான் சாப்பாடு. நாட்டிங்ஹாமில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை கூஸ் ஃபேர் என்று பழம்பெரும் திருவிழா ஒன்று நடக்கும். அங்கே இதைக் கிண்ணத்தில் ஊற்றி மேலே புதினாச் சாறு விட்டுத் தருவார்கள். ராட்டினத்தில் ஏறி இறங்கிய பிள்ளைகள் எல்லாம் கையில் அந்தக் கிண்ணத்தோடுதான் நிற்கும். நோயாளிச் சாப்பாடு என்று யாரும் இதைச் சொல்ல முடியாது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. இந்த ஊரில் கத்தி, கரண்டிகளுக்கு மெருகு ஏற்றும் பட்டறையில் வேலை பார்த்தவர். காய்ந்த பட்டாணிதான் வாங்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். குளிர்பெட்டியில் உறைந்து கிடக்கிற இளம் பட்டாணியை மசித்து வெண்ணெய் போட்டு இதே பெயரில் பரிமாறுகிற ஓட்டல்களும் உண்டு. அது இனிப்பாக, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு. இதற்கு வேண்டியது மேரோஃபேட் என்கிற பெரிய ரகப் பட்டாணி. செடியிலேயே முற்றிக் காயவிட்டுத்தான் அறுப்பார்கள். முற்ற முற்ற அதிலிருக்கிற சர்க்கரையில் பெரும்பகுதி மாவுச்சத்தாக மாறிவிடும். அந்த மாவுச்சத்துதான் வேகும்போது கரைந்து தானாகக் கெட்டிப்படுகிறது. பால், மாவு, கிரீம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. நம் மளிகைக் கடையில் கிடைக்கிற காய்ந்த பச்சைப் பட்டாணி கொஞ்சம் சின்னதாக இருக்கும், அதுவே போதும். பளிச்சென்று பச்சையாக மின்னுவதை மட்டும் வாங்காதே. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் வைத்துப் பார். தண்ணீரில் பச்சைச் சாயம் இறங்கினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

செய்முறை என்று பார்த்தால் முக்கால்வாசி வேலை ஊறவைப்பதுதான். கால் கிலோ பட்டாணிக்கு ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரை ஊற்றி, ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டுக் கலக்கி மூடிவை. இங்கே பட்டாணிப் பொட்டலத்துக்குள்ளேயே சோடா மாத்திரை வைத்து விற்கிறார்கள். இந்தக் குளிருக்கு ராத்திரி முழுக்க, பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும்கூட ஊறும். நம் ராமநாதபுரத்து வெக்கையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் விடாதே, நுரைத்துப் புளித்துவிடும். படுக்கப் போகும்போது போட்டுவிட்டு விடிந்ததும் எடுத்தால் சரியாக இருக்கும்.

சோடாவை நினைத்துப் பயப்படாதே. பருப்பு நம் ஊர் போர் தண்ணீரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாமல் கல்லாகக் கிடக்குமே, அதே சங்கதிதான். அந்தத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் பட்டாணியின் பெக்டின் பசையோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும். சோடா அந்தப் பசையைத் தளர்த்திவிடும், பச்சை நிறமும் மங்காமல் இருக்கும். ஷெஃபீல்டுக்குக் குன்றுப்பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து இந்தத் தாதுக்கள் குறைவான மென்மையான தண்ணீர் வருகிறது, அதனால் எனக்குக் கொஞ்சம் சோடாவே போதும். நீ கேன் தண்ணீரிலேயே ஊறவை, வேகவைப்பதும் அதிலேயே இருக்கட்டும். அளவு மட்டும் கூடிவிடக் கூடாது. கூடினால் சோப்பு வாடை அடிக்கும், பி1 வைட்டமினும் போய்விடும்.

காலையில் ஊறிய தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலசு. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதே, சோடா மிச்சம் இருக்கக் கூடாது. வாயுத் தொல்லையும் குறையும். அப்புறம் பட்டாணிக்கு மேல் ஒரு விரல் நிற்கிற அளவு புதுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடு. மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுத் தீயைக் குறைத்துவிடு. குக்கர் வேண்டாம். நுரை பொங்கி வெயிட்டை அடைத்துக்கொள்ளும், எல்லாம் ஒரேயடியாகக் கூழாகியும் விடும். திறந்த பாத்திரத்தில் அரை மணி, முக்கால் மணியில் தோல் கழன்று பட்டாணி உடைய ஆரம்பிக்கும்.

அந்த நேரத்தில் பாட்டி அடுப்பை விட்டு நகரமாட்டார். முதலில் சலசலவென்று கொதிக்கிற சத்தம் கேட்கும். கெட்டிப்படப்பட அது மாறி, குமிழி ஒவ்வொன்றாக 'பொளக், பொளக்' என்று உடையும். அப்போது மரக்கரண்டியைப் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுப்பார். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. அடி தெரிந்து, இரண்டு பக்கமும் மெதுவாகச் சேர்ந்தால் இறக்கிவிடலாம். மத்தால் கடையாதே, மிக்ஸி பக்கமே போகாதே. கரண்டியின் பின்பக்கத்தால் நாலு அழுத்து அழுத்தினால் போதும். பாதி மசிந்தும் பாதி முழுசாகவும் இருப்பதுதான் இதன் அழகு. ஆனால் அம்மாவுக்கு எடுக்கிற பங்கில் தோல் ஈறில் போய் ஒட்டாதபடி இன்னும் கொஞ்சம் மசித்துவிடு. ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்கு. கடைசியில் உப்பு, ஒரு துண்டு வெண்ணெய். அவ்வளவுதான்.

தாளிக்கலாமா என்று உனக்குக் கை பரபரக்கும். வேண்டாம் மீனா. கடுகும் வற்றல் மிளகாயும் போட்டால் அது இன்னொரு கூட்டு ஆகிவிடும், பட்டாணியின் ருசி அடங்கிவிடும். மண்வாசனையோடு லேசான இனிப்பு ஒன்று இதற்கு உண்டு, அதை அப்படியே சாப்பிட்டுப் பார்க்கச் சொல்.

மேலே விட ஏதாவது வேண்டுமென்றால் புதினா. பொடியாக நறுக்கிய இலையில் ஒரு சிட்டிகை சர்க்கரை, இரண்டு கரண்டி வெந்நீர், கொஞ்சம் வினிகர். பட்டாணி வெந்த பிறகுதான் இதை விட வேண்டும். பருப்பு வேகாமல் புளி ஊற்றமாட்டோமே, அதே கணக்கு. அம்மாவுக்கு ஈறு ஆறும்வரை வினிகரை விட்டுவிடு, எரியும். புளி என்றதும் ஞாபகம் வருகிறது, இந்த ஊரிலேயே செய்கிற ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் என்று கறுப்பாக, தண்ணீராக ஒரு சாஸ் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வருகிறது. பாட்டி அது இல்லாமல் பட்டாணி சாப்பிடமாட்டார். ஒரு நாள் பாட்டிலைத் திருப்பிச் சேர்மானத்தைப் படித்தேன்: வினிகர், கிராம்பு, மிளகாய், பூண்டு, அதோடு புளி! பாட்டியிடம் சொன்னதும், உங்கள் ஊர்ப் புளியையா இத்தனை நாளும் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று வியந்துபோனார்.

இதை அம்மாவுக்கு மட்டும் செய்யாதே. ஒரு பெரிய பாத்திரமாக வைத்து எல்லாருக்கும் பரிமாறு. உங்களுக்கு வஞ்சிரம் வறுத்தால் பக்கத்தில் இது பொருத்தமாக இருக்கும். அம்மாவுக்கு முள் எடுத்த மீனைக் கொஞ்சம் உதிர்த்து இதிலேயே பிசைந்து கொடு. காய்ந்த பட்டாணியில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, வெறும் கஞ்சியைவிட உடம்புக்குத் தெம்பு.

இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பெரியவள் வேலை மாறியிருக்கிறாள், வீட்டிலிருந்து ரயிலில் போய் வருகிறாள். ஜனவரியில் வருவதாக இருக்கிறோம், டிக்கெட் எடுத்ததும் தேதி எழுதுகிறேன். அம்மாவுக்குப் பல்செட் அளவு எப்போது எடுக்கப் போகிறார்கள், மசியலை எவ்வளவு சாப்பிட்டார்கள், இரண்டையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
கலா